பில்லக்கா சேர்த்த அறுபதாயிரம்

பில்லக்காவுக்குக் காசை எண்ணுவதென்றால் ஆகாது. நாள் முழுவதும் காசு எண்ணித்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள் என்பதால் இதை யாரும் நம்புவதில்லை. ஊரின் பெரிய பல்பொருள் கடையில் மூன்றாம் கல்லா அவளுடையது. வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்தான் பில்லக்கா; அதற்கு முன்னால் வேறு பெயர் இருந்ததை ரேஷன் அட்டையைத் தவிர எல்லோரும் மறந்துவிட்டார்கள். கடையில் அவள் கணக்கு ஒரு நாளும் உதைத்ததில்லை. ஆனால் வீட்டு வாசலைத் தாண்டினால், தன் கைப்பைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

"ஊரார் காசை எட்டு மணி நேரம் எண்ணிட்டு வர்றேன். வீட்டுலயும் எண்ணணுமா? என் விரலுக்கு ஓய்வே கிடையாதா?" என்பாள். சொல்லிக்கொண்டே வழியில் பிடித்துப்போன ஒரு பூச்சாடியைப் பையிலிருந்து எடுப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வருடத் தொடக்கத்தில் ஓர் ஆசை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு சின்ன நோட்டுக்கடை. அதை நடத்தி வந்த அம்மாள், மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னாள். முன்பணமும் சரக்கும் சேர்த்து அறுபதாயிரம், வருடக் கடைசி நாளுக்குள் கொண்டுவந்தால் கடை உனக்கு என்றாள். பில்லக்கா அன்று சமையலில் இரண்டு முறை உப்புப் போட்டாள். கல்லாவை விட்டுத் தொலைய வேண்டும் என்பது அவளுடைய பல வருடக் கனவு; அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, சொந்தக் கல்லாவில் போய் உட்காருவது. இதில் என்ன முரண்பாடு என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மையில் எதுவும் இல்லைதான். அடுத்தவர் நாற்காலியில் வலிக்கிற முதுகு, சொந்த நாற்காலியில் வலித்தாலும் சொல்லிக்கொள்ளாது.

மாதம் ஐயாயிரம் சேர வேண்டும். கணக்கு எழுதும் பொறுப்பைக் கணவன் ஏற்றுக்கொண்டான். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். சுவரைப் பார்த்தே எத்தனை மீட்டர் வயர் போகும் என்று சொல்லிவிடுவான். சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதனால் எண்கள் தன்னிடம் மரியாதையாக நடந்துகொள்ளும் என்று நம்பினான்.

எழுதவும் செய்தான், சும்மா சொல்லக்கூடாது. பால், காய்கறி, பஸ், மகளின் கல்லூரிக் கட்டணம், எதுவும் தப்பவில்லை. மாதக் கடைசியில் மிஞ்சியதை வங்கியில் போட்டுவிட்டு, சேர்ந்த தொகையைச் சமையலறைக் கதவில் சாக்பீஸால் எழுதுவான். எண் ஏற ஏற வீட்டில் ஒரு திருவிழாக் களை கட்டியது. ஒன்பதாம் மாதம் முடிந்தபோது கதவில் நாற்பத்தேழாயிரம் நின்றது. வேண்டியதைவிட இரண்டாயிரம் கூடுதல்!

"அப்பா, நீங்க நிதி மந்திரியா போயிருக்க வேண்டியவரு," என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

"கூப்பிட்டாங்க. நாந்தான் வயரிங் பாதில நிக்குதுன்னு போகல."

அந்த வாரம் நோட்டுக்கடை அம்மாள் பில்லக்காவைக் கூப்பிட்டு அனுப்பினாள். பக்கத்துச் செல்போன் கடைக்காரரும் இடத்தைக் கேட்கிறாராம். "எனக்கு நீதாம்மா வேணும். ஆனா ஆசை மட்டும் இருந்தா போதாது பாரு. எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பாஸ்புக்கைக் கொண்டாந்து காட்டு. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிடறேன்."

பில்லக்கா மறுநாள் மதிய இடைவேளையில் சாப்பிடாமல் வங்கிக்கு ஓடினாள். பாஸ்புக்கை இயந்திரத்துக்குள் விட்டு, அது கறகறவென்று அச்சடித்துத் துப்பியதும் ஆசையாகப் பார்த்தாள். முப்பத்தாறாயிரம்.

முதலில் வங்கி எடுத்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தாள். பிறகு கணவன் எடுத்திருப்பானோ என்று நினைத்தாள். அவன் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். ஒன்பது மாதமாகக் காது நிறம் மாறவில்லை. அன்று மாலை மூன்றாம் கல்லாவில் நின்றவர்களுக்குச் சில்லறை சரியாகத்தான் போனது. ஆனால் பில்லக்கா அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்புக்கைக் கணவன் முன்னால் விரித்தாள்.

"ஏங்க, கதவுல நாப்பத்தேழு. இதுல முப்பத்தாறு. பதினோராயிரம் எங்க?"

அவன் நிதானமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். "பேங்க்ல இருக்கறது ரொக்கமா சேர்த்தது. மீதி, பில்லுல சேர்த்தது."

"பில்லுல சேர்த்ததா?"

அவன் கணக்கு நோட்டைத் திருப்பிக் காட்டினான். ஒவ்வொரு மாதத்துக்கும் கீழே தனி வரி. கடை ரசீதுகளின் அடியில் அச்சாகியிருந்த தொகைகளின் கூட்டல். சோப்பில் நாற்பது, குடையில் நூற்றிருபது, டார்ச் விளக்கில் எண்பது. ரசீதுகளில் பாதி மூன்றாம் கல்லாவில் போட்டவை.

இதற்கு அந்தக் கடையின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பில் போட்டு முடித்ததும் கல்லாவில் இருப்பவர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்து, "இன்னைக்கு நீங்க சேமிச்சது இவ்வளவு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேனேஜரின் உத்தரவு. தள்ளுபடி போன தொகையைத்தான் அப்படிச் சொல்வது. பில்லக்கா ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு அதைச் சொல்கிறாள். தான் சொல்வது தன் காதில் விழுந்தே பல வருடம் ஆகிறது.

"அது தள்ளுபடிங்க! சேமிப்பு இல்ல!"

"நீதான சொன்ன?"

"நான் எப்ப சொன்னேன்?"

"வாரா வாரம் சொன்ன. சிரிச்சுக்கிட்டே வேற சொன்ன. வீட்டுல நீ அப்படிச் சிரிக்கறதே இல்லையேன்னு நான் உன் லைன்லதான் வந்து நிப்பேன்."

மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"சரி, சேமிச்சதுன்னே வச்சுக்குவோம். அந்தக் காசு இப்ப எங்க இருக்கு?"

"செலவாகல இல்ல?"

"செலவாகலன்னா எங்க இருக்கு?"

அவன் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். ஒரு லைனில் மின்சாரம் எங்கே போய் நிற்கிறது என்று தேடுகிற முகத்தோடு நோட்டைப் பார்த்தான். ஒன்பது மாதத்தில் முதல் முறையாக அவனுக்கு எங்கோ வயர் அறுந்திருப்பது தெரிந்தது. பிறகு மூவரும் கட்டிலுக்கு அடியில் குனிந்தார்கள். அங்கே சோப்புப் பெட்டிகள், ஆறு குடை, இன்னும் பிரிக்காத இஸ்திரிப் பெட்டி. கடைசி மூன்று மாதம் எண் ஏறுகிற குஷியில் அவன் தேவைக்கு மேல் வாங்கியிருக்கிறான். வாங்க வாங்கச் சேமிப்பு கூடுகிறது என்றால் யார்தான் நிறுத்துவார்கள்?

"மழையே வருஷத்துல பத்து நாளுப்பா. ஆளுக்கு ரெண்டு குடையா?" என்றாள் மகள்.

பில்லக்கா கத்துவதற்கு மூச்சை இழுத்தாள். சிரிப்புத்தான் வந்தது. கத்தினால் தன்னைப் பார்த்துத்தான் கத்த வேண்டும். இத்தனை இனிமையாகப் பொய் சொன்னது அவள் வாய். எழுந்துபோய்க் கதவிலிருந்த நாற்பத்தேழை ஈரத்துணியால் துடைத்து முப்பத்தாறு என்று எழுதினாள். "இன்னும் இருபத்துநாலு வேணும். மூணு மாசம். நோட்டை இப்படிக் குடுங்க."

மறுநாள் நோட்டுக்கடை அம்மாளிடம் பாஸ்புக்கை உள்ளபடி காட்டி, கெடு நாள்வரை பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் எண்ண மாட்டேன் என்ற விரல்கள் அன்று முதல் எண்ணின. மாதம் ஐயாயிரமே முக்கி முனகி வந்த வீட்டில் எட்டாயிரம் எப்படி வரும்? வந்தது. இந்த வேடிக்கையைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. கணவன் சேமிப்பதை நிறுத்தியதுமே சேமிப்பு மடமடவென்று ஏறியது. சோப்பு வாங்க வேண்டியதில்லை, பல் துலக்கவும் பாத்திரம் துலக்கவும் வேண்டியவை கட்டிலடியில் மலைபோல் இருந்தன. மீதிக்குப் பில்லக்கா தன் கைப்பையையே பிடித்தாள். பூச்சாடி, தலையில் மாட்டும் கிளிப், இடைவேளை நேரத்து ஐஸ்கிரீம் என்று ஒரு வாரம் உள்ளபடி எழுதிப் பார்த்தவள் வெட்கிப்போனாள்.

"பூச்சாடி மறுபடியுமா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டான் கணவன்.

"தள்ளுபடியில..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தினமும் மாலை மகள்தான் கதவில் எழுதினாள். ஓட்டப்பந்தயத்துக்கு வர்ணனை சொல்கிறவள்போல, "இன்னும் பதினாறு! நாள் அறுபது!" என்று கூவுவாள். கணவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் மாட்டும் வேலை பிடித்தான். பத்தாம் மாதம் எட்டாயிரத்து நூறு. பதினோராம் மாதம் ஏழாயிரத்து எண்ணூறு. கடைசி மாதத்தில் நட்டநடுவே எரிவாயு தீர்ந்து வீடே ஒரு நாள் துக்கம் காத்தது. வருடம் முடிய நான்கு நாள் இருக்கையில் கதவில் ஆயிரத்து நானூறு பாக்கி நின்றது. வீட்டில் துழாவ இனி மூலை இல்லை.

அப்போதுதான் கடையில் வருடக் கடைசித் தள்ளுபடி விற்பனை ஆரம்பித்தது. மேனேஜர் வந்து, இரட்டை நேரம் நிற்கிறவர்களுக்கு நாளுக்கு ஐந்நூறு கூடுதல், அன்றன்றே கையில் என்றார். பில்லக்கா முதல் ஆளாய்க் கையைத் தூக்கினாள். ஊரே வண்டி வண்டியாக வாங்கியது. ஒருவர் மூன்றாவது இஸ்திரிப் பெட்டியை நீட்டினார். பில்லக்கா அவர் முகத்தைப் பார்த்து, "இன்னைக்கு நீங்க சேமிச்சது..." என்று சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவரும் காரணம் தெரியாமல் சிரித்துவிட்டுப் போனார். ஊரார் எல்லோரும் சேமித்துக்கொண்டிருந்த அந்த மூன்று நாளில், ஒருத்தி மட்டும் நிஜமாகவே சேர்த்தாள்.

கடைசி நாள் மத்தியானம் மூவரும் நோட்டுக்கடைக்குப் போனார்கள். அம்மாள் அறுபதாயிரத்தை இரண்டு முறை எண்ணினாள். சாவியை எடுத்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"அப்புறம்மா, ஃபேனும் ரெண்டு டியூப் லைட்டும் தனி. ரெண்டாயிரம் குடுத்துடு."

பில்லக்காவின் முகம் சுண்டிப்போனது. கதவுக் கணக்கில் நூறு ரூபாய்தான் மிச்சம். செல்போன் கடைக்காரர் தன் வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூல்மேல் ஏறினான். மின்விசிறியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான். "வேணாம்மா, எடுத்துட்டுப் போயிடுங்க. நானே கழட்டித் தர்றேன். கழட்டுற கூலி நானூறு. வயரை மூடணும், அது நூத்தம்பது. பேரிங் போயிடுச்சு, எடைக்குப் போட்டா இருநூறு தேறும். உங்க மகன் வீட்டுக்கு வண்டியில ஏத்தறதுன்னா அது தனி."

அம்மாள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். மடக்க மடக்க அவளுக்குத்தான் கைநஷ்டமாக வந்தது. "இவரு எங்கேருந்தும்மா கணக்குப் படிச்சாரு?"

"இப்பத்தான், மூணு மாசமா," என்றாள் பில்லக்கா.

அம்மாள் சிரித்துக்கொண்டே சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினாள். "ஃபேனையும் வச்சுக்கோ, இந்த ஆளையும் வச்சுக்கோ. ரெண்டும் சத்தம் போட்டாலும் காத்து வரும்."

அம்மாள் தெருமுனை திரும்பும்வரை பில்லக்கா அடக்கமாக நின்றாள். பிறகு ஓடிப்போய்க் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "ஷட்டரை முழுசாத் தூக்குடி!"

"அம்மா, பள்ளிக்கூடமே லீவு. யாரு வருவா?"

"யாரும் வரலன்னா என்ன? நான் வந்துட்டேன்ல. தூக்கு!"