ரயில்வே கேட்டில் அணைந்த எஞ்சின்கள்

என் மனைவி தெரியாத ஆட்களிடம் வாய் திறக்கமாட்டாள். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கேட்பதைக்கூட என்னிடம் தள்ளிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு சித்திரை மத்தியானத்தில் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. மழையும் பனியும் அவளை அவ்வளவாகப் படுத்தாது. காற்று அசையாமல் நிற்கும் கோடையில், ரோட்டுப் புகைதான் நெஞ்சை அடைக்கும். அன்றைக்கு டாக்டரைப் பார்க்க, கீழப்பாவூரிலிருந்து தென்காசிக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் வண்டியை அணைத்தேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு மினி பஸ். பின்னால் லாரிகள், கார்கள், ஆட்டோக்கள். கேட் திறந்ததும் முந்திப் போகவேண்டுமென்று ஒருவரும் எஞ்சினை நிறுத்தவில்லை. மினி பஸ்ஸின் கரும்புகை நேராக எங்கள் முகத்தில் அடித்தது. அவள் இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்தாள். அப்படியும் மூச்சு விசிலடித்தது. ஓரமாகப் போய் நிற்கலாம் என்று சொல்லத் திரும்பினேன். ஆளைக் காணோம்.

மினி பஸ் டிரைவரின் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். பதறிப்போய் ஓடினேன்.

“அண்ணாச்சி, வண்டிய கொஞ்சம் அணைங்க. மூச்சு விட முடியல” என்றாள்.

டிரைவர் நடுவயதுக்காரர். கோபப்படவில்லை. “பேட்டரி வீக்காக் கெடக்கும்மா. அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆவாது. பொறவு நீங்களா தள்ளுவிய?”

“தள்ளுதோம் அண்ணாச்சி.”

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரும் அணைத்தார். அவரைப் பார்த்துப் பின்னாலிருந்த கார், அதற்குப் பின்னால் லாரி. ஓசைகள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியில் பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை மிழற்றுவதும் பனைமரத்தில் ஓலை உரசுவதும் கேட்டன. புகை மெல்லக் கலைந்தது. மேற்கே குற்றாலத்து மலை தெரிந்தது. அது அங்கே இல்லாமல் எங்கே போகும்? ஆனாலும் நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரயில் போயிற்று, கேட் திறந்தது. டிரைவர் சொன்னபடியே மினி பஸ் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பத் திருப்ப வெறும் முனகல்தான். பின்னால் ஹாரன்கள் அலறத் தொடங்கின. நான் பைக்கை ஓரமாகத் தள்ளினேன். அவளோ சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் பஸ்ஸின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்துவிட்டாள்.

நான் அவளை விலகி நிற்கச் சொல்லிவிட்டுத் தோள் கொடுத்தேன். ஆட்டோக்காரர் வந்தார். பஸ்ஸிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் காரை விட்டு இறங்கி வந்து, அழுக்கைப் பற்றி யோசிக்காமல் கை வைத்தார். ஹாரன் அடித்த லாரியின் டிரைவரும் வந்து சேர்ந்தார். எல்லாருமாகத் தள்ளியதில் பஸ் உருண்டு, இரண்டு தடவை குலுங்கி, எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரோட்டில் நின்ற நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். எங்கள் இருவரைத் தவிர, அத்தனை பேரிலும் முன்பே அறிமுகமான இரண்டு பேர் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

பிறகு பல தடவை அந்தக் கேட்டில் அதே மினி பஸ்ஸைப் பார்த்தேன். புது பேட்டரி போட்டாயிற்று என்று டிரைவரே சொன்னார். கேட் மூடியதும் முதலில் அணைவது அவர் வண்டிதான். முன்னால் நிற்கிற பஸ் அடங்கிவிட்டால், பின்னால் நிற்பவர்களில் பாதிப் பேராவது சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். மீதிப் பேர் இன்னும் உறுமிக்கொண்டுதான் நிற்கிறார்கள். அவளுடைய இளைப்பும் தீர்ந்துவிடவில்லை. வெயில் காலத்தில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போகமாட்டாள். நாங்களும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஊருக்குள் வண்டியில் அலைவதை விட்டுவிட்டு, வேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் முடித்துவருகிறோம்.

எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன்.

“தைரியமெல்லாம் இல்ல. அந்த டிரைவரப் பாத்தா, சொன்னா கேப்பாருன்னு தோணிச்சு” என்றாள்.