சுவரில் உட்கார்ந்த எலுமிச்சை அழகி

மழைக்கால விடுமுறைக்கு மலைக்குப் போகிறேன் என்று சொன்னால், ஊட்டியா, ஏற்காடா என்று கேட்பார்கள். எனக்கு மலை என்றால் திருவண்ணாமலையில் என் தங்கை வீட்டின் கொல்லைப்புறம். செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, காப்பிக் கடைகளும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளும் முடிகிற இடத்தில் தெருவும் முடிந்துவிடும். அங்கே அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் மலை. அடிவாரச் சரிவை வெட்டித்தான் வீட்டுக்கு இடம் எடுத்திருந்தார்கள். வெட்டிய மண் இறங்கிவிடாமல் இருக்க, ஆளுயரத்துக்கு மேல் கருங்கல் அடுக்கி சிமெண்டு பூசிய சுவர் அது. சமையலறை ஜன்னலில் இருந்து கையை நீட்டினால் தொடலாம்.

நான் அங்கே போவது பட்டாம்பூச்சி பார்க்க. என் தங்கைக்கு இதில் தீராத சிரிப்பு.

“ஊரே சாமி பாக்க வருது. எங்க அக்கா பூச்சி பாக்க வரா.”

இந்த முறை பூச்சியும் இல்லை. நான் போய் இறங்கிய நாளிலிருந்து மழை. மலை என்ற ஒன்று அங்கே இருப்பதை மேகத்தின் உள்ளே தெரிந்த ஒரு கறுப்பை வைத்துத்தான் நம்ப வேண்டியிருந்தது. எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. எழுதவும் முடியாது, தூங்கவும் முடியாது. குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் இருந்த கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இலைகளின் அடியில் குனிந்து பார்த்தேன். மழையில் பட்டாம்பூச்சி பறக்காது. சிறகை மூடி, இலைக்குக் கீழே தலைகீழாகத் தொங்கி, தான் ஒரு காய்ந்த இலை என்று நடித்துக்கொண்டிருக்கும்.

சிவப்புப் புள்ளிகளோடு ஒன்று அப்படித் தொங்கியது. முதல் பார்வைக்கு ரோஜா அழகி. அதைத் தின்றால் பறவைக்குக் குமட்டும் என்பதால் எந்தப் பறவையும் தொடாது. அந்தப் பயத்தைக் கடன் வாங்கிக்கொண்டு, அதே புள்ளிகளோடு திரிகிறவள் கறிவேப்பிலை அழகி. சிறகை நம்பினால் ஏமாந்துபோவோம். உடம்பு சிவப்பு என்றால் ரோஜா அழகி, கறுப்பு என்றால் வேஷக்காரி. இது கறுப்பு. இதைத் தங்கையிடம் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டே, அப்படியானால் ஒன்றைப் பார்த்ததும் அழகாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட முடியாதா உன்னால் என்று கேட்டாள்.

மறுநாள் காலை மழை நின்றது. மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்து, அதன் வழியாக வெயில் நேராகச் சுவரில் வந்து இறங்கியது. எங்கிருந்தோ அவை வர ஆரம்பித்தன. கொன்னை வெள்ளையன்கள், விரல் நகத்தளவு நீலப் பூச்சிகள், மஞ்சளும் கறுப்பும் கட்டம்போட்ட எலுமிச்சை அழகிகள். பூவில்லாத சுவர்தான். ஆனாலும் அவை அதில் உட்கார்ந்தன, அதுவும் ஒரு கோட்டில், கொடியில் துணி காயப்போட்டதுபோல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை.

காரணம் எனக்குத் தெரியும். மண்ணிலிருந்து கசிந்து வரும் நீரில் உப்பு இருக்கும். தேனில் கிடைக்காத அந்த உப்பை உறிஞ்ச வந்திருக்கின்றன. சுவரின் இடுப்புயரத்தில் மயிரிழைபோல் ஒரு விரிசல். அதிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

கசிவைத் தங்கை முன்பே பார்த்திருந்தாள். மலையிலிருந்து வீட்டுக்கே தேடி வந்த நீர். அண்ணாமலையாரே அனுப்பியது. விரிசலின் நடுவில் மஞ்சளைக் குழைத்து வட்டமாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். சமையலறை ஜன்னலின் மேற்கூரை நீட்டிக்கொண்டிருந்ததால் மழையில் அது கரையவில்லை. கீழே ஒரு சொம்பு. நிறைந்ததும் பூஜை அறைக்குப் போகும்.

நான் போனில் படமாக எடுத்துத் தள்ளினேன். பொட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு எலுமிச்சை அழகிக்கு வலது பின்சிறகில் முக்கோணமாக ஒரு துண்டு இல்லை. ஏதோ பறவை கொத்தியிருக்க வேண்டும். மதியம் மறுபடி இருட்டியது. பெய்த மழைக்கு இடைவெளியே இல்லை. சுவருக்குப் பின்னாலிருந்து அவ்வப்போது ஒரு சத்தம் கேட்டது. மூட்டையைத் தரையில் இறக்கிவைப்பதுபோல் கனமாக, அடங்கி. தங்கையின் கணவர் டிவியின் ஒலியைக் கூட்டிவைத்தார்.

அதற்கு மறுநாளும் காலையில் கொஞ்ச நேரம் வெயில். துண்டிழந்த அதே எலுமிச்சை அழகி அதே இடத்தில். ஒரே பூச்சிதானா என்று உறுதி செய்ய, இரண்டு நாள் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பெரிதாக்கினேன். சிறகின் கிழிசல் ஒன்றேதான். புள்ளிகள் ஒன்றேதான். கால்கள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. முதல் படத்தில் அது விரிசலின் இரு கரையிலும் கால் வைத்து நின்றது. இரண்டாவது படத்தில் முன்கால்கள் சுவருக்குள் இறங்கியிருந்தன. தலையும் உள்ளே.

என் கண் அப்போதுதான் பூச்சியை விட்டு விலகியது. தங்கை வைத்த பொட்டு இரண்டாகியிருந்தது. மேல் பாதி முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, அதன் நிழல் கீழ் பாதியின்மேல் விழுந்திருந்தது.

படத்தைத் தங்கையின் கணவரிடம் காட்டினேன். அவர் ஊருக்குள் மிக்சி, மின்விசிறி விற்கும் கடை வைத்திருக்கிறார். தெரியாதென்று எதையும் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

“என்ன அண்ணி, பட்டாம்பூச்சி வந்து சுவரு விழும்னு சொல்லிச்சா?”

“பொட்டைப் பாருங்க தம்பி.”

“ஈரத்துல மஞ்சள் உரிஞ்சிருக்கும். முன்ன இந்த மலையில மண்ணு சரிஞ்ச பக்கமெல்லாம் வேற. இந்தப் பக்கம் பூராவும் பாறை. மழை ஜாஸ்தி, அவ்ளோதான்.”

சுவரில் நீர் வடியக் குழாய் எதுவும் வைக்கவில்லையா என்று கேட்டேன். வைத்திருந்தார்கள். அடியில் வரிசையாக. ஒரு குழாயிலிருந்து பாம்பு தலையை நீட்டியதைப் பார்த்து என் தங்கை சமையலறைக்குள் போகவே மாட்டேன் என்று அழுததில், அத்தனை குழாய்களையும் சிமெண்டு வைத்து அவரே அடைத்திருந்தார். பூசிய இடம் தெரியாத அளவுக்கு நேர்த்தியாக. சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சொல்லி முடிக்கும்போது அது இல்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கொல்லைக்குப் போய்ப் பொட்டின் பிளவில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது.

கடப்பாரையை எடுத்துவந்தார். இப்போது திறக்க வேண்டாம், முதலில் வெளியே போய்விடுவோம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. தான் அடைத்ததைத் தானே திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார்போல. ஓரத்துக் குழாயின் சிமெண்டு உடைந்ததும் நீர் பீறிட்டு அவர் மார்பில் அடித்தது. செம்மண் நிறம். பச்சை மண்ணின் வாடை. கூடவே பொடிக் கல். அடுத்த குழாய்க்கு அவர் போகவில்லை. சுவர் முழுக்க உட்கார்ந்திருந்த பூச்சிகள் ஒரேயடியாக எழும்பி, கூரைக்கு மேலே போய்க் கலைந்தன.

பின்வாசலில் சொம்போடு வந்து நின்றாள் தங்கை. அவள் வீட்டை விட்டு வரமாட்டாள் என்றே நினைத்திருந்தேன். அந்தச் சுவருக்கு அருகில்தான் அவள் கட்டில், அடுப்பு, பூஜை அறை. அந்த மலைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்காகவே அந்த இடத்தைப் பிடிவாதமாக வாங்க வைத்தவள் அவள். கலங்கிய நீர் தன் பாதத்தைத் தாண்டிச் சமையலறைக்குள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது தீர்த்தம் இல்லீங்க” என்றாள் கணவரிடம். “கெளம்பலாம்.”

அவர் அலமாரியைத் திறக்கப் போனார். அவள் அவருடைய ஈரச் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். அவர்கள் வாடகைக்கு விடும் மேல் அறையில் அப்போது யாரும் இல்லாதது நல்லதாயிற்று. தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. நகரும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் துண்டால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். ஊரைக் கடந்து வேங்கிக்காலில் தங்கை கணவரின் கடைக் கூட்டாளி புதிதாகக் கட்டிய வீடு. பெயிண்டு வாடை போகாத மாடி அறையில் பாய் கொடுத்தார்கள். சுவர் விழாவிட்டால் இவர்கள் இருவரும் என்ன சொல்வார்கள் என்ற யோசனை எனக்கு வந்தது. விழவேண்டும் என்று நான் நினைக்கிறேனோ என்று அடுத்த நொடி பயந்தேன்.

சாயங்காலம் அவர் மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். தெருவுக்குள் போகவேண்டாம், முனையிலேயே நின்று பாருங்கள் என்று தங்கை பலமுறை சொல்லி அனுப்பினாள். திரும்பி வந்தவரின் பேண்ட் முழங்கால்வரை சேறு. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சுவர் விழுந்திருந்தது. சமையலறை இல்லை. படுக்கை அறையில் ஜன்னல் உயரத்துக்கு மண். அதன்மேல் ஒரு பாறை, கட்டில் இருந்த இடத்தில், நெடுநாளாக அங்கேயே இருப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறதாம்.

தங்கை அழவில்லை. முன் அறை என்ன ஆயிற்று என்று கேட்டாள். நிற்கிறது என்றார். அதை வைத்தே மறுபடி எழுப்பிவிடலாம், இந்த முறை கம்பி போட்டுக் காங்கிரீட் சுவர், குழாய்க்கு வலை அடித்துவிடலாம், அடித்தளம் இன்னும் ஆழமாக என்று தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். அவர் முடித்ததும் அவள் எழுந்து மாடியின் கைப்பிடிச் சுவருக்குப் போனாள். மழை அந்தப் பக்கம் விலகி, வயல்களுக்கும் வீடுகளுக்கும் அப்பால் மலை முழுதாகத் தெரிந்தது. உச்சியிலிருந்து அடிவரை, அதன் பக்கவாட்டில் ஒரு சிவந்த கீறல்.

“இனிமே எனக்கு மலை முன்னாடி இருந்தா போதும். பின்னாடி வேணாம்” என்றாள்.

அவர் கால் சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். மலைக்கு மேலே மறுபடி மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது.