முள்ளுக்குப் பாதி, கண்ணுக்குப் பாதி

“முள்ளு எந்திரிக்க மாட்டேங்குதுபா.”

ஜமுனாமரத்தூர் சந்தையில் போட்டோ எடுக்கும் ராஜவேலு, எழுபத்தெட்டாம் வருசத்துப் பங்குனி முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டரிடம் சொன்னால் சாவுச் சேதி மாதிரி இருக்கும். டீக்கடையில் சொன்னால் கடைக்காரர்தான் முள்ளைப் பிடித்து வைத்திருப்பது போல இருக்கும். வீட்டில் சொன்னால், மனைவி வடிவு அடுப்பை விட்டுத் திரும்பாமலே, “காலைல உன்னிய எழுப்ப நான் படுற பாட்ட நீயும் பட்டுப் பாரு” என்பாள்.

கேமராவின் தலையில் வெளிச்சம் காட்டும் முள் அது. முகப்பில் தேனடை போலக் குழிகுழியாக ஒரு கண்ணாடி. அதில் வெயில் பட்டால் முள் எழும்பும். அது நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் ராஜவேலு லென்ஸின் திறப்பைக் கூட்டுவார், குறைப்பார். தொழில் பழகியதே அந்த முள்ளிடம்தான். சொந்தக் கண்ணை அவர் நம்பியதே இல்லை.

இப்போது அது உச்சி வெயிலிலும், சாயங்காலம் ஆகிவிட்டது என்றது. அந்தப் பேச்சைக் கேட்டு லென்ஸை முழுக்கத் திறந்து, பச்சையம்மாவின் மகனை எடுத்தார். ஆலங்காயத்தில் கழுவி வந்த படத்தில் வெளிச்சம் மிஞ்சி, பிள்ளை இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் இருந்தது.

பச்சையம்மாவின் புருசன் மாதையனுக்குக் குடகில் காப்பித் தோட்டத்து வேலை. பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை; ஆடிக்குத்தான் ஊருக்கு வருவான். ஊருக்கு வந்த ஆளிடம் ஒன்றே ஒன்று சொல்லியனுப்பியிருந்தான்: மொட்டை போடுவதற்கு முந்தி ஒரு போட்டோ. பிறந்த முடியோடு பார்க்க வேண்டும். மொட்டையோ வரும் வெள்ளிக்கிழமை.

“பொறந்த முடி ஒருக்காதாண்ணா,” என்றாள் பச்சையம்மா. “அப்புறம் மொளைக்கிறது வேற முடி.”

ராஜவேலு கேமராவைத் தட்டினார், ஊதினார், வேட்டி முனையால் துடைத்தார். கண்டக்டர் டார்ச் செல் போட்டுப் பார்க்கச் சொன்னார். போடுவதற்கு அதில் இடமே இல்லை. கடைசியில் பஸ் ஏறிச் செங்கத்துக்குப் போனார்.

ரேடியோ ரிப்பேர் ஆதிநாராயணன் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர். அவர் சொல்வதெல்லாம் பல்லிடுக்கில் நசுங்கித்தான் வெளியே வரும். மேல்மூடியைக் கழற்றி ஒரு குச்சியால் முள்ளைத் தொட்டார். தாராளமாக ஆடியது. கம்பி எதுவும் அறுந்திருக்கவில்லை. தேனடைக் கண்ணாடிக்கு நேராக பல்பைப் பிடித்தார். முள் லேசாக நடுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

“முள்ளு நல்லாத்தான் கீது. கண்ணுதான் போச்சு. எங்கயா வெச்சிருந்த இத?”

“வெயில்லதான்.”

“இன்னாது?”

“இதுக்குச் செல் வாணாம், வெயிலே போதும்னு சொல்லித்தான் வித்தாங்க. அதான் வேலை இல்லாதப்பல்லாம் புளியோட சேத்துப் பாறை மேல வெச்சுடுவேன். நல்லா ஏறட்டும்னு.”

“எத்தினி நாளா?”

“வாங்குனதுலேர்ந்து. நாலஞ்சு வருசம் இருக்கும்.”

ஸ்க்ரூ வாயிலிருந்து மேசையில் விழுந்தது. “புளி காய்ஞ்சா தாங்கும். இது காய்ஞ்சா செத்துடும்யா. வெயில ஊட்டி ஊட்டியே கொன்னுட்ட.”

“வேற கண்ணு?”

“அதுக்கு நான் எங்க போவேன்? உன் கண்ணால பாத்து எடு.”

திரும்பும் பஸ்ஸில் மலை ஏறுகிற வரைக்கும் ராஜவேலு கேமராவை மடியில் வைத்து, அதன் முகப்பைத் துண்டால் பொத்திக்கொண்டே வந்தார். அதனால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று கைக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சையம்மா மடியில் பிள்ளை, தலைகொள்ளாத சுருள் முடியோடு. ராஜவேலு கேமராவைத் தூக்கினார். முள் இருட்டு என்றது. அவர் கண்ணோ கொளுத்துகிறது என்றது. முள்ளைக் கேட்டால் மறுபடி சுண்ணாம்புச் சுவர். கண்ணைக் கேட்கவோ தைரியம் வரவில்லை.

“எடுண்ணா, வெயில் ஏறுது,” என்றார் நாவிதர்.

ராஜவேலு பஞ்சாயத்து பண்ணிவிட்டார். முள்ளுக்குப் பாதி, கண்ணுக்குப் பாதி. இரண்டுக்கும் நடுவில் லென்ஸை நிறுத்தி, மிச்சமிருந்த பிலிமையெல்லாம் அந்த ஒரே கணக்கில் தீர்த்தார். கத்தி இறங்கியது. முடி மடியில் விழுவதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

படங்கள் அடுத்த சந்தைக்குள் வந்தன. இருப்பதில் நல்லதைப் பச்சையம்மா கையில் கொடுத்தார். முடி அபாரமாக விழுந்திருந்தது, ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக. அதற்குக் கீழே வெள்ளைவெளேரென்று ஒரு வட்டம். அதில் இரண்டு புள்ளி.

பச்சையம்மா படத்தைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள். இடுப்பிலிருந்த மொட்டைத் தலையையும் ஒருமுறை பார்த்தாள்.

“இன்னாண்ணா இது, மூஞ்சி எங்க? திரும்ப எடுக்கலாம்னா முடி எங்கண்ணா கீது? அவருக்கு நான் இன்னாத்த அனுப்புவேன்?”

முள்ளு எந்திரிக்கல என்று சொல்லத்தான் ராஜவேலு வாயைத் திறந்தார். மாதம் முழுக்க ஊரெல்லாம் சொன்னது, அவளிடம் மட்டும் வரவில்லை. பிள்ளையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

“அவன் கேட்டது முடியத்தானேம்மா, முடி வந்துகீது பாரு. மூஞ்சி புள்ளகிட்டயேதான் கீது, எங்கியும் போவாது. ஆடிக்கு வந்து பாத்துக்கச் சொல்லு.”