அட்டைக்குள் ஸ்ரனிஸ்லாஸ்

கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளார்க்காக இருக்கும் ஸ்ரனிஸ்லாஸ் பிறந்து வளர்ந்தது தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில். கார்ட்டூன் ரசிகர்கள் வேஷம் போட்டுக்கொண்டு கூடும் விழா கண்டிக்கும் வந்தபோது, மற்றவர்கள் வாளும் சிறகுமாகக் கிளம்ப, நாற்பத்தைந்து வயதான அவர் அட்டையாகப் போக முடிவெடுத்தார். தேயிலை மலையில் காலைக் கடிக்கும் அதே அட்டைதான். உயரம் மட்டும் ஆறடி.

கறுப்பு ரெக்சினும் ஸ்பொஞ்சும் வாங்கித் தானே தைத்தார்.

"கை எங்கங்க?" என்று கேட்டாள் மனைவி டொரதி.

"அட்டைக்கு ஏது கை?"

"வேர்த்தா எப்படித் தொடைப்பீங்க? பாத்ரூம் வந்தா?"

"காலையிலேருந்து தண்ணியே குடிக்க மாட்டேன். அதெல்லாம் யோசிச்சாச்சு."

விழாவன்று டொரதி அவரை உள்ளே விட்டு முதுகைத் தைத்து மூடினாள். மண்டபத்தில் தன்னோடு பேசினால் அட்டைக்கு மரியாதை போய்விடும் என்று அவர் சொல்லியிருந்ததால், தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானத்துக்குள் ஸ்ரனிஸ்லாஸ் இடியப்பம் போல அவிந்துவிட்டார். தலை சுற்றியது, விழுந்தார். எழும்பக் கையில்லை. புரண்டார், வளைந்தார், நெளிந்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "டொரதி, டொரதி" என்று அவர் கத்தியது ஸ்பொஞ்சைத் தாண்டி வெறும் முனகலாக வந்தது. அதற்கும் கைதட்டல். வேஷப் போட்டியின் நடுவர் ஒருவர் குனிந்து பார்த்து, மெச்சித் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த முனகலில் தன் பெயரைக் கண்டுபிடித்தவள் டொரதி ஒருத்திதான். கத்தரிக்கோலோடு ஓடிவந்து முதுகை வெட்டித் திறந்தாள். பெனியனும் கட்டைக் காற்சட்டையுமாக, தொப்பலாக நனைந்து, கணவர் வெளியே வந்தார்.

முதலுதவிக்கு நின்ற றுமைஸா நாடி பிடித்துப் பார்த்தாள். "பயப்பட ஒன்னுமில்ல. ஒடம்புல தண்ணி வத்திப் போயிருக்கு. தேசிக்காய் புழிஞ்ச தண்ணில உப்புப் போட்டுக் குடுங்க."

"அட்டைக்கு உப்பா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். உப்புப் பட்டால் அட்டை சுருண்டுவிடும் என்பது மலைநாட்டில் யாருக்குத் தெரியாது? மண்டபமே சிரித்தது. ஸ்ரனிஸ்லாஸும் சிரிக்கப் பார்த்தார், தெம்பில்லை.

நடிப்புக்கான முதல் பரிசு அவருக்கே. அதைக் காற்சட்டையோடு மேடையேறி வாங்கினார்.

அடுத்த வருடம் அட்டைக்குக் கை முளைத்தது. உள்ளேயிருந்து இழுத்துத் திறக்கும் சிப்பும், வாய்க்குள் சின்ன ஃபேனும் வந்தன. டொரதி கூப்பிடும்போதெல்லாம் தலையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது கட்டளை. இதனால் தன் வேஷம் எடுபடாமல் போகும் என்று அவர் உள்ளூரக் கவலைப்பட்டார். ஆனால் கதிரையில் சாய்ந்து ரோல்ஸ் சாப்பிடும் அட்டையோடு படமெடுக்கத்தான் விழாவன்று வரிசை வாசல்வரை நீண்டது.