காற்றின் மேல் போட்ட பழி

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பாவும் மகளும் ஒர்க்‌ஷாப் பெஞ்சில் ஒரு ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரத்து மழை. தகரக் கூரையின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

முக்குளிக்கிறவர்கள் வாயில் கவ்வி, முதுகுச் சிலிண்டரிலிருந்து மூச்சு இழுக்கும் அந்த ரெகுலேட்டர் அப்பா நேவியோ ஸனாட்டாவுடையது. பவளத்திட்டுக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகும் முக்குளிப்புப் படகில் அவருக்கு வேலை. மகள் டனிலா விமான நிலையத்தில் கருவிப் பிரிவு டெக்னீஷியன். விமானிகள் மூச்சு விடும் ஆக்சிஜன் கருவிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள். அன்று அங்கிருந்து ஓர் அழுத்தமானியை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

“மூச்சு இழுத்தா வாய் கட்டையாப் போகுது டனி. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. இந்தச் சனியன் காத்தை அளவுக்கு மேல தள்ளுது. கொஞ்சம் இறுக்கிவிடு.”

“அளந்து பாத்துட்டுத்தான் இறுக்குவேன்.”

“பிளேனுக்கு மூச்சு பாக்குற மகராசி வந்துட்டா. எனக்குத் தெரியாததா இது?”

“தெரிஞ்சா என்னை ஏன் கூப்பிட்ட?”

“கண்ணாடி சரியில்லடி. ஸ்க்ரூ ரெண்டு ரெண்டாத் தெரியுது.”

டனிலா அளந்தாள். சிலிண்டர் தலையில் மாட்டும் பகுதியில் முள் நடுங்காமல் நின்றது. வாயில் கவ்வும் பகுதி, தயாரித்தவன் சொன்ன அளவுக்கு மயிரிழை கூட விலகாமல் காற்றை விட்டது. ஆனாலும் அவருக்காகத் திருகைக் கொஞ்சம் இறுக்கினாள். வாயில் கவ்வும் ரப்பரை மாற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டுக் கட்டினாள். சிலிண்டர் வாயின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, ரெகுலேட்டரைப் பொருத்தி, குழாயை வலது தோள் பக்கம் வரும்படி திருப்பினாள். பிரஷர் மீட்டரின் முகத்தைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு வால்வை மெதுவாகத் திறந்தாள். நேவியோ கவ்விக்கொண்டு, முள்ளைப் பார்த்தபடியே சில மூச்சுகள் இழுத்தார். முள் அசையவில்லை.

“இப்ப எப்படி இருக்கு?”

“அதே கண்றாவிதான்.”

ரெகுலேட்டரைக் கீழே வைத்துவிட்டு, ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் காலி செய்தார்.

“மெடிக்கல் போனியா?”

“அடுத்த வாரம்.”

“போன மாசமும் அடுத்த வாரம்தான் சொன்ன.”

“உங்கம்மா விட்ட இடத்துலேர்ந்து நீ ஆரம்பிக்கிறியா?”

சம்பளத்துக்கு முக்குளிக்கிறவன் வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் கரைதான். நேவியோவுக்கு அறுபது தாண்டிவிட்டது. போன தடவை ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அடுத்த தடவை போட மாட்டார் என்பதுதான் நேவியோவின் பயம். உயிரைப் பற்றி அவருக்குப் பயம் இருந்ததே இல்லை.

இன்னிஸ்ஃபெயிலில் கரும்பு வெட்டிய இத்தாலியக்காரனின் மகன் அவர். கரும்புத் தோட்டத்துக் கரியும் அப்பனின் பெல்ட்டும் பிடிக்காமல் ஓடி வந்து, படகுத்துறையில் காற்று நிரப்பும் இயந்திரங்களுக்கு மெக்கானிக்காகச் சேர்ந்தார். பிறகு தண்ணீருக்குள் இறங்கினார். அதன்பின் கரையில் அவர் எதற்கும் உருப்படவில்லை. கல்யாண நாள், மகள் பள்ளி விழா, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் கடலுக்குள் இருந்தபடியே தவறவிட்டார். மனைவி டூவூம்பாவுக்குப் போய்விட்டாள். ஏன் அங்கே என்று கேட்டவர்களிடம், “அங்க கடல் கிடையாதுல்ல” என்றாள்.

முதன்முறை முக்குளிக்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: வாய் ஏன் இப்படிக் காய்கிறது? நேவியோ சொல்லும் பதில் படகில் எல்லோருக்கும் மனப்பாடம். “சிலிண்டர் துருப்பிடிக்கக் கூடாதுன்னு காத்தைப் பிழிஞ்சு காயவெச்சு அடைக்கிறோம். அதுல ஈரம் இருக்காது. ஈரத்தை நீதான் குடுக்கணும். நாக்கை மேல வெச்சுக்கோ, மெதுவா இழு. முடியலன்னா ரெண்டு சொட்டு கடல்தண்ணியை உள்ள விட்டுத் துப்பு. மேல வந்தா மிட்டாய் தரேன்.” மேலே வந்ததும் டப்பாவிலிருந்து ஆளுக்கொரு ஜெல்லிப் பாம்பு மிட்டாய் கொடுப்பார்கள். உப்பு வாய்க்கு இனிப்பு. அந்தத் துறைமுகத்தில் எல்லாப் படகிலும் அதுதான் வழக்கம்.

அதனால் அவர் வாய் காய்ந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விவசாயியின் கையில் மண் இருப்பதைப் போலத்தான் அது. அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போனார். தண்ணீருக்குள் இறங்கினால் எவனுக்கும் முட்டும் என்று சிரித்தார்கள். ரப்பர் உடுப்பு தொளதொளத்தது. “இளமை திரும்புது பாத்தியா” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். சட்டைப் பையில் எலுமிச்சை மிட்டாய், கையில் ஜூஸ் பாட்டில். சாப்பிடச் சாப்பிட வாய் இன்னும் காய்ந்தது. காய்ந்ததும் பழி ரெகுலேட்டரின் மேல் போயிற்று.

அந்த ஞாயிறு கழிந்து இரண்டு வாரத்தில், படகைக் கட்டும் கயிற்றில் சிக்கு எடுக்க இறங்கியவர் மேலே வந்து ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் கனக்கிறது என்றார். பேச்சு குழறியது. படகுக்காரர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆழத்திலிருந்து ஏறுகிறவனின் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டுகிற நோய். கிடத்தி, முகத்தில் ஆக்சிஜனைக் கட்டினார்கள். அதுவும் ஈரமில்லாத காற்றுதான். தாகம் தாகம் என்று முனகியவருக்கு ஜூஸ் கலக்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள், கரை சேரும்வரை.

ஆம்புலன்ஸ் பெண் விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்தாள். மீட்டரில் எண் வரவில்லை. தன் அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. ஆஸ்பத்திரியில் நேவியோ கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

“எவ்வளவு காலமா இருந்திருக்கும்?” என்று டனிலா கேட்டாள்.

“மாசக்கணக்குல. ஒரு சிறுநீர்ப் பரிசோதனை போதுமே, தெரிஞ்சிருக்கும்” என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் படகுத்துறைக்குப் போனாள். அப்பாவின் பையை எடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டாள். படகின் முதலாளியும் அதை ஓட்டுகிறவனும் ராய்ஸ்தான். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

“நாங்க குமிழின்னு நெனச்சோம்மா. பாத்தா அப்படியேதான் இருந்துச்சு.”

“அவர் சான்று எப்ப முடிஞ்சுது?”

ராய்ஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “டிசம்பர்ல. படகு மேலயே வேலை பாக்குற டெக் ஆளுன்னு பதிவுல மாத்திப் போட்டுக்கிட்டேன். டெக் ஆளுக்கு மெடிக்கல் தேவையில்ல.”

“டெக் ஆளுக்குத் தண்ணிக்குள்ள என்ன வேலை?”

“நேவியோதாம்மா கேட்டான். கெஞ்சினான். கரையில உக்கார வெச்சா செத்துருவேன்டான்னான்.”

“சொன்னபடி கரையிலதான் செத்தார்.”

கைக்கு வேலை இல்லாமல் தவித்தவன், பழக்க தோஷத்தில் ஜெல்லிப் பாம்பு டப்பாவைத் திறந்து அவள் முன் நீட்டிவிட்டான். நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. டனிலா டப்பாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இவனைத் திட்டித் தீர்த்துவிடலாம். ஆனால் அவளை அறுத்தது வேறு. அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா? நிஜமாகவே காற்றின் மேல்தான் சந்தேகப்பட்டாரா, இல்லை, அன்று பெஞ்சில் அவளை உட்கார வைத்து அளக்கச் சொன்னது வெறும் நாடகமா? கருவி சரியாக இருந்தால் கோளாறு அதற்கு வெளியே என்பது அவள் தொழிலின் முதல் பாடம். அவருக்கும் அது தெரியும்.

வாரக் கடைசியில் ஒர்க்‌ஷாப்பைக் காலி செய்தாள். உதிரி பாகங்களை எல்லாம் அவர் ஜாம் பாட்டில்களில் பிரித்துப் போட்டிருந்தார். ஸ்ப்ரிங், திருகு, வடிகட்டி. அலமாரியின் கடைசியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில், மஞ்சள் மூடி. உள்ளே சிலிண்டர் வாய்க்குப் போடும் கறுப்பு வளையங்கள், கிரீஸில் பளபளத்துக்கொண்டு. பாட்டிலின் மேல் கிளினிக்கின் லேபிள். நேவியோ ஸனாட்டா. கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரத்துத் தேதி. காலையில் முதல் சிறுநீரைப் பிடித்து அன்றே கொண்டுவந்து தரவும்.

மெடிக்கலுக்குப் போயிருக்கிறார். பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்தும் இருக்கிறார்.

டனிலா ஷட்டரை ஏற்றிவிட்டு வாசலில் நின்றாள். கிளினிக் இரண்டு தெரு தள்ளி. பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுக்க நடந்தே போயிருக்கலாம்.