கல்யாணப் படத்துக்கு ஒரு பயணத் திட்டம்

எங்கள் கல்யாணத்துக்குப் படமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்று இருக்கிறது. கொரோனாக் காலத்தில், தெரணியகலைப் பக்கம் என் கணவர் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் எடுத்தது. பூசாரியையும் சேர்த்துப் பத்துப் பேர் நிற்கிறோம். பத்துப் பேருக்கும் முகக்கவசம். மணப்பெண் யார், நாத்தனார் யார் என்று தெரிய வேண்டுமானால் சேலை நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். சொல்லி வைத்திருந்த ஸ்டூடியோக்காரர் பயணத்தடையில் மாட்டிக்கொண்டார். யாரோ தன் போனில் எடுத்தது அது.

அந்தப் படத்தில் என் அப்பா இல்லை. அவர் ரம்புக்கனைக்கு அருகே ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே அம்மா நகையோடு வந்து சேர்ந்துவிட்டார். அப்பா பிறகு வருவதாக ஏற்பாடு. அதற்குள் அவர் குடியிருக்கும் லயத்து வரிசையில் நான்கு பேருக்குத் தொற்று என்று தோட்டத்தின் அந்த டிவிசனையே மூடிவிட்டார்கள். முகூர்த்த நேரத்தில் வீடியோ அழைப்பில் அவரைப் பிடித்தோம். அவருக்கு அது புதிது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, "கேக்குது, கேக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தாலி கட்டி முடியும்வரை திரையில் எங்களுக்குத் தெரிந்தது அப்பாவின் காது மட்டும்தான்.

போன வருடம் ஆகஸ்ட் விடுமுறைக்குச் சற்று முன்பு, எங்கள் தோட்டத்துத் தேயிலை மலைக்கு ஒரு சிங்கள ஜோடி படம் எடுக்க வந்தது. கல்யாணத்துக்கு முன்பே எடுக்கும் படமாம். குடை பிடிக்க ஒருவர், சேலை முந்தியைப் பறக்கவிட ஒருவர் என்று கூடவே ஐந்தாறு பேர். என் கணவர் தேயிலை ஃபேக்டரியில் மின்சார வேலை பார்ப்பவர். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், இரண்டரை வயது மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார்.

"அவங்க முன்னாடி எடுக்கிறாங்க. நாம பின்னாடி எடுத்தா என்ன?"

"யார் எடுப்பா?"

"ஒங்க ஸ்கூல் டீச்சர்கிட்ட பெரிய கேமரா இருக்குன்னியே."

உண்மைதான். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. என்னோடு விஞ்ஞானம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர் டவுனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். சனிக்கிழமை விடிந்தால் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டோரம் போய்விடுவார். மறுநாள் அவரிடம் கேட்டேன்.

"ஓம், வாறன்," என்றார் உடனே. பிறகு யோசித்தார். "ஆனா டீச்சர், எனக்கு ஆக்களை எடுத்துப் பழக்கமில்லை. குருவியளைத்தான் எடுக்கிறனான். பரவாயில்லையோ?"

"நாங்க குருவி மாதிரி பறக்க மாட்டோம். ஈஸியா இருக்கும்," என்றேன்.

அன்றிலிருந்து இரண்டு வாரம் எங்கள் வீட்டில் திட்டம் போடுவதுதான் வேலை. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் கணவர் வரைபடம் போட்டார். மின்கம்பி வரைவதைப் போல, போகிற பாதை சிவப்பு, வருகிற பாதை நீலம். முதல் திட்டம் இரத்தினபுரிப் பக்கம். போபத் நீர்வீழ்ச்சி, அங்கிருந்து பலாங்கொடை, கடைசியில் பெலிஹுல்ஓயா. நீர்வீழ்ச்சிக்கு முன்னால் கூறைச்சேலையோடு நிற்பதைப் பல தடவை மனதுக்குள் நான் பார்த்தாகிவிட்டது. ரவிக்கை மட்டும் ஒத்துழைக்கவில்லை. இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, உள்ளே இருந்த துணி முழுவதையும் வெளியே விட்ட பிறகுதான் மூச்சுவிட முடிந்தது.

யாழ்ப்பாணத்து டீச்சர் வந்து தாளைப் பார்த்துவிட்டு நேரங்களை எல்லாம் மாற்றினார். "ஒன்பது மணிக்குப் பிறகு வெளிச்சம் சரிவராது. முகத்தில நிழல் விழும். பின்னேரம் எண்டா மழை. வெள்ளன வெளிக்கிட வேணும்." என் கணவர் ஐந்தரையை அழித்து நாலரை என்று எழுதினார்.

இரண்டு நாள் கழித்து அப்பாவிடமிருந்து போன். அம்மா சொல்லியிருக்கிறார்.

"படம் எடுக்கப் போறீங்களாமே."

"ஆமாப்பா. சும்மா நாலு எடத்த சுத்திப் பாத்துட்டு வர்றதுதான்."

"கல்யாணப் படம்னு ஒங்கம்மா சொன்னா."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கல்யாணத்துக்குன்னு எடுத்த சட்டை பொட்டிலயே கெடக்கு," என்றார் அப்பா. "போடல. வேற எதுக்குப் போட?" அவ்வளவுதான். கோபமும் இல்லை, கேட்கவும் இல்லை. மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ரம்புக்கனை எங்களுக்கு நேர் எதிர்த் திசை. அங்கே போனால் நீர்வீழ்ச்சி போய்விடும். என் கணவர் எழுந்து போய், கலண்டரில் இன்னொரு மாதத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"இந்தப் பக்கம் போனா மலை ஏறுற ரயில் வரும்," என்றார். "கோச்சியும் சேத்து ஒரு படம் எடுத்தா எப்படி இருக்கும்?" எங்கள் பக்கம் ரயிலைக் கோச்சி என்போம். அவருக்கு அது என்றால் உயிர். எனக்காக விட்டுக்கொடுக்கிறாரா, ரயிலுக்காக என்னை விட்டுக்கொடுக்க வைக்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கே நின்று எடுப்பது என்று சொன்னவர், பயணத்துக்கு நாங்கள் பேசியிருந்த வேன்காரர். கீழே இருக்கும் சிங்களக் கிராமத்துக்காரர். சிங்களமும் தமிழும் கலந்துதான் பேசுவார். "மிஸ், ரம்புக்கன மேல ஒரு வங்குவ இருக்கு," என்று கையால் ஒரு வளைவைக் காற்றில் வரைந்தார். "அங்க பத்தலேகலவும் தெரியும், கோச்சியும் தெரியும். ஹரிம லஸ்ஸனய்." ரொம்ப அழகாம். பெரிய பெட்டியைக் கவிழ்த்து வைத்தது போல நிற்கும் அந்தக் கல்மலையை ரயிலில் போகும்போது நானும் பார்த்திருக்கிறேன். மனம் சற்றுச் சமாதானமானது.

"தண்டவாளத்தில நிண்டு மட்டும் எடுக்க மாட்டன்," என்று டீச்சர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். என் கணவரின் முகம் லேசாக வாடியது.

சனிக்கிழமை நாலரைக்குப் புறப்பட்டோம். நான் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டே வேனில் ஏறினேன். டவுனில் டீச்சரும் ஏறிக்கொண்டார். மகள் என் மடியில் தூங்கினாள். ரொட்டியும் சம்பலும் ஒரு டப்பாவில், அட்டைப்பூச்சி ஏறினால் போட உப்பு ஒரு பொட்டலத்தில். ருவன்வெல்லை தாண்டி கேகாலைக்கு வரும்போது கிழக்கு வெளுத்துவிட்டது.

அப்பா நாங்கள் வரும்வரை வீட்டில் காத்திருக்கவில்லை. தோட்டத்துச் சந்தியிலேயே நின்றார். பக்கத்தில் அம்மா.

"அஞ்சு மணிலருந்து இங்கதான் நிக்கிறாரு," என்று அம்மா ஏறும்போதே முறையிட்டார். "அப்படி நின்னா சட்டை கசங்காதாம்."

இளநீலச் சட்டை. நான்கு வருடமாக மடிந்திருந்த கோடுகள் நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. பூச்சி உருண்டை வாசம் வேன் முழுவதும் பரவியது. அப்பா கையில் ஒரு பை. வேன்காரர் வாங்கி வைக்கப் பார்த்தபோது, "எப்பா, எப்பா, மங் தியாகன்னங்" என்று சிங்களத்தில் மறுத்து, தானே மடியில் வைத்துக்கொண்டார்.

"லீவு குடுத்தாங்களா மாமா?" என்று என் கணவர் கேட்டார்.

"மக கல்யாணம்னு கணக்கப்பிள்ளைகிட்ட கேட்டேன். குடுத்துட்டாரு."

"ஒங்களுக்கு மக ஒருத்திதான்னு அவருக்குத் தெரியுமே?"

"தெரியும். அதான் ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டு தடவயும் கல்யாணம்னுதான் சொன்னேன்."

வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. எங்கும் பனி. கீழே ரயில் பாதை இருக்கிறது என்று வேன்காரர் சொன்னதை நம்ப வேண்டியதுதான். நானும் கணவரும் சாலையோரப் புல்லில் நின்றோம். அவர் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு அடையாள அட்டைக்கு நிற்பதைப் போல நின்றார். நானும் அவ்வளவு நன்றாக நிற்கவில்லை. தையல் விட்டுவிடுமோ என்ற பயம்.

"ஏன் இப்பிடி விறைச்சுப் போய் நிக்கிறியள்?" என்றார் டீச்சர்.

"எப்படி நிக்கணும் டீச்சர்?"

"அது எனக்குத் தெரியாதே. குருவியளுக்கு நான் சொல்லிக்குடுக்கிறேல்லை. நீங்கள் உங்கட பாட்டில நில்லுங்கோ, நான் என்ர பாட்டில இருக்கிறன்." சொல்லிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

அப்படியே அரைமணி நேரம். என் கணவர் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணி சுமாருக்குக் கொழும்பிலிருந்து வரும் ரயில் மலை ஏறும். அதற்குள் பனி விலக வேண்டும். மெல்ல மெல்ல விலகவும் செய்தது. முதலில் கீழே மரங்களின் தலை. பிறகு தூரத்தில் பத்தலேகலவின் தட்டையான உச்சி மட்டும், அடியில்லாமல் மிதப்பதைப் போல. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா பையைத் திறந்தார்.

ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு தேங்காய், வெற்றிலை, ஒரு சோடாப் போத்தலில் தண்ணீர்.

"மாப்ள, ஒரு சின்ன வேல பாக்கி இருக்கு," என்றார்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கல்யாணத்தன்று தாரை வார்த்துக் கொடுக்க அப்பா இல்லை. அவர் இடத்தில் நின்று என்னைக் கையில் பிடித்துக்கொடுத்தவர் கணவரின் பெரியப்பா.

"அன்னைக்கு ஒங்க பெரியப்பா ஊத்துனாரு. அவரு செஞ்சது பெரிய உதவி. குறையா சொல்லல," என்றார் அப்பா, சொம்பைப் பார்த்தபடி. "ஆனா எங் கை நனையல."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "ராத்திரி கூட சொல்லலியே இந்த மனுசன்."

என் கணவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நானும் கழற்றினேன். புல் ஈரமாக, சில்லென்று இருந்தது. அப்பா போத்தலிலிருந்து சொம்புக்குத் தண்ணீரை மாற்றினார். "நம்ம லயத்துப் பீலிக் குழாயில புடிச்ச தண்ணிதான்," என்றார் என்னிடம். என் கையைக் கணவரின் கையில் வைத்து, மேலே வெற்றிலையும் தேங்காயும் வைத்தார். மந்திரம் எதுவும் அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னார்.

"எம் புள்ளைய ஒங்க கையில குடுக்கிறேன். ரெண்டு பேரும் நல்லா இருங்க."

தண்ணீர் விழுந்த நேரத்தில் மகள் என் அம்மாவின் பிடியிலிருந்து நழுவி ஓடி வந்தாள். தண்ணீர் விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். எங்கள் கைகளுக்குக் கீழே தன் இரண்டு கைகளையும் ஏந்தினாள். அப்பா நிறுத்தவில்லை. அவளுடைய கையும் நனையும்வரை ஊற்றினார். அப்போதுதான் அவர் அழுகிறார் என்று கண்டேன். நானும் அழுதேன், ஆனால் மகள் "இன்னும், இன்னும்" என்று கேட்டதில் சிரிப்பும் வந்துவிட்டது.

அதே நேரம் கீழே ரயில் வந்தது. கூவிக்கொண்டு, நீளமாக, வளைந்து வளைந்து ஏறியது. ஜன்னல்களிலிருந்து யார் யாரோ கை காட்டினார்கள். என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வாரமாக அந்த ரயிலுக்காகக் கோடு போட்டவர், அது தேய்ந்து மறையும்வரை என் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வேகம் குறைத்து, "கல்யாணமா?" என்று சிங்களத்தில் வேன்காரரிடம் விசாரித்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த வேன்காரர், "ஓவ், பரண கசாதயக்" என்றார். ஆமாம், பழைய கல்யாணம். வந்தவர் எங்கள் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் போய்விட்டார்.

கல்லில் உட்கார்ந்திருந்த டீச்சரை நாங்கள் எல்லோருமே மறந்துவிட்டிருந்தோம். அவர் எப்போது எழுந்து, எப்போது புல்லில் முழந்தாளிட்டார் என்று யாருக்கும் தெரியாது.

"குஞ்சும் வந்து சேர்ந்திட்டுது," என்றார் முழங்காலைத் தட்டிக்கொண்டு. அவர் கண்ணும் சிவந்திருந்தது.

பிறகு எனக்காக நேராக நின்று, கேமராவைப் பார்த்து, ஊரில் எல்லோர் வீட்டிலும் இருப்பதைப் போல ஒரு படமும் எடுத்துக்கொண்டோம். அது எனக்கு வேண்டும் என்று நானே கேட்டேன். என் கணவர் அதில் மறுபடி அடையாள அட்டை ஆகிவிட்டார். அப்பா மட்டும் பிரமாதமாக நின்றார்.

அங்கிருந்து இறங்கிப் பின்னவலை யானைக் காப்பகத்துக்குப் போனோம். ஆற்றுக்கு யானைகள் வரிசையாகப் போவதைப் பார்த்து மகள் பயந்து கத்தினாள். அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு யானையாகக் காட்டி, "அது நல்ல யானை, இதுவும் நல்ல யானை" என்று அறிமுகம் செய்துவைத்தார். டீச்சர் யானைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையில் இருந்த ஒரு மீன்கொத்தியைக் குறிவைத்துக்கொண்டிருந்தார். பகல் சாப்பாடு அம்மா வீட்டில். பலாக்காய்க் கறி, கருவாடு, இரசம். நான் கூறைச்சேலையை மாற்றிக்கொண்டு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது சொன்ன மாதிரியே மழை பிடித்துக்கொண்டது. மகள் தூங்கிவிட்டாள். டீச்சர் கேமராத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீர் ஊற்றும் படத்தில் நிறுத்தினார். அப்பாவின் இளநீலத் தோளுக்குப் பின்னால் கல்மலையும், ஓரத்தில் ரயிலின் இரண்டு பெட்டியும் விழுந்திருந்தன.

"எங்கட அப்பாவையும் நான் ஒரு நாளும் ஒழுங்கா எடுத்தேல்லை," என்றார் கொஞ்சம் கழித்து. "வீட்டை போற நேரமெல்லாம் முற்றத்தில குருவிதான் பாத்துக்கொண்டு திரியிறனான். இந்தமுறை போகேக்க எடுக்க வேணும்."

"எப்ப போறீங்க டீச்சர்?" என்று முன் சீட்டிலிருந்து என் கணவர் திரும்பினார்.

"வாற வெள்ளிக்கிழமை. பஸ்ஸிலதான்."

"ஏன் பஸ்ல? ரயில்ல போங்க," என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மடியில் வைக்க ஒரு தாள் தேடினார். ரொட்டி சுற்றி வந்த பேப்பர்தான் கிடைத்தது. எந்த ஸ்டேசனில் ஏறுவது, எங்கே மாறுவது, எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தால் ஆனையிறவு நன்றாகத் தெரியும் என்று எழுதிக்கொண்டே வந்தார். டீச்சர் மறுக்காமல் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று சொன்னார். வேன் தெரணியகலை டவுனுக்குள் நுழைந்தபோது அவருடைய பேப்பர் ரயில் இன்னும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.