வாசலைப் பார்த்த நாற்காலி

மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் கணவர் போனில் பேசினார். "போயிட்டாம்மா. நெஞ்சு வலின்னா. ஆட்டோல ஏத்துறதுக்குள்ள..." கேட்டதும் நான் முதலில் செய்தது, எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்ததுதான். அழுகை பிறகே வந்தது.

செங்கல்பட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்த அன்று, சாப்பாட்டு அறையில் வாசலைப் பார்த்திருந்த நாற்காலிக்கு நானும் அங்கே வேலை பார்த்த எஸ்தர் அக்காவும் ஒன்றாக வந்து நின்றோம். முதுகுக்குப் பின்னால் ஆள் வரும் வழி இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "உனக்கும் இந்தப் பக்கந்தானா?" என்று கேட்டு, பக்கத்திலேயே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று முதல் எங்களுக்கு எதிர்ப்பக்கம் காலிதான்.

"இன்னா, பொண்ணும் மாப்ளயும் ஜோடியா குந்திகினு கீறீங்க?" என்பார்கள் மற்றவர்கள்.

"ஆமா, மொய் எங்க?" என்பார் அக்கா.

சிறுவயதில் உறவினர் ஒருவர் தமக்குச் செய்த கொடுமையை அவர் மறைத்ததில்லை. "நீ கத எழுதறவதானே? என்னப் பத்தி எழுதுனா எம் பேரு போட்டே எழுது. வெக்கப்பட வேண்டியது அவன்" என்பார். எனக்கும் அதே காயம் என்று சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போய், வெளியே காத்திருந்தார்.

"சரியாயிடுமாக்கா?"

"எனக்கே இன்னும் சில நாளு தூக்கம் வராது. ஆனா சிரிக்கறேன், சண்ட போடறேன், புள்ள பெத்தேன். அதும் நாந்தான்."

மகள் பிறந்தபின் என் பயம் பெருகியது. யார் அவளைத் தூக்கினாலும் அவர்கள் கைகளையே பார்ப்பேன். மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் அவளையும் வாசல் பக்கம் பார்த்து உட்காரவைத்தேன். அக்கா கோபப்பட்டார். "அவள ஏன் காவலுக்கு வெக்கற? நாம ரெண்டு பேரு பாத்துகினு கீறோம் இல்ல?"

அக்காவின் ஊரான சதுரங்கப்பட்டினத்தில் அவரது அடக்கம் முடிந்து, வீட்டுப் பந்தலில் டீ கொடுத்தார்கள். எல்லாம் தெரியாத முகங்கள். தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். மகள் ஒரு நாற்காலியை இழுத்து வந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, என்னைப் போலவே வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எழுந்து, அவள் நாற்காலியைத் தூக்கி எனக்கு எதிரே, தெருவுக்கு முதுகு காட்டிப் போட்டேன்.

"ஏம்மா?"

"சும்மாதான். என்னப் பாத்து சாப்டு."

பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

போய் வாருங்கள் அக்கா. வாசலை நான் பார்த்துக்கொள்கிறேன்.